கட்டுமானத் திட்ட மேலாண்மை ஆலோசகராகத் தனியே தொழில் தொடங்குவது எப்படி?

பெரிய கட்டுமானங்களுக்குப் பிஎம்சி (திட்ட மேலாண்மை ஆலோசனை) நிறுவனங்கள் தாமாகவே வந்துவிடும். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு நல்ல இன்ஜினியரும் மேஸ்திரியும் போதும். இரண்டுக்கும் நடுவில், மூன்று கோடியிலிருந்து இருபது கோடி வரையிலான வேலைகள்தாம் கவனிக்க ஆளில்லாமல் நடக்கின்றன. ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஷெட், ஒரகடத்தில் ஒரு கிடங்கு, ஈரோட்டில் ஒரு திருமண மண்டபம், ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரில் ஐம்பது படுக்கை மருத்துவமனை. முதலாளிக்குத் தன் தொழில் தெரியும், கட்டடம் தெரியாது. ஆர்க்கிடெக்ட் மாதம் இருமுறை வந்து போவார். மற்ற நாள்களில் காண்ட்ராக்டர் சொல்வதுதான் அளவு, அவர் சொல்வதுதான் தேதி. பத்துப் பன்னிரண்டு ஆண்டு சைட்டில் நின்று, பில் போட்டு, பில் சரிபார்த்துப் பழகிய சிவில் பொறியாளர் ஒருவர் தனியாகத் தொழில் தொடங்க ஏற்ற இடம் இதுதான். அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

எதை விற்கப் போகிறீர்கள்

முதலாளி பணம் கொடுக்கும் முன் ஒரு சரிபார்ப்பு, முடிவெடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை, இரண்டுக்கும் எழுத்தில் ஒரு பதிவு. நீங்கள் விற்பது இவ்வளவுதான். காலை எட்டு மணிக்குக் கம்பி கட்டுகிறவர்களை எண்ணுவது சூப்பர்வைசர் வேலை. இந்த வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே சொல்லத் தெரியாதவருக்குச் சூப்பர்வைசர் சம்பளம்தான் கிடைக்கும்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிஎம்பி என்ற பன்னாட்டுத் திட்ட மேலாண்மைச் சான்றிதழின் தேர்வுக்கு நான்காண்டுப் பட்டமும், 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களிடம் போனால் அதற்கு மதிப்புண்டு. ஷெட் கட்டும் முதலாளிக்கு அது என்னவென்றே தெரியாது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் தரும் சார்ட்டர்டு இன்ஜினியர் தகுதி இங்கே கூடுதல் பயன் தரும். கடன் தவணையை விடுவிக்கும்போது வங்கிகள் பல நேரம் அந்த முத்திரையைக் கேட்கின்றன. கட்டுமானத் திட்ட மேலாண்மைக்கான ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணயம்) 15883, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 7-ஆம் பகுதி, அளவெடுப்புக்கான ஐஎஸ் 1200 ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாகப் படித்துவிடுங்கள். சைட்டில் வாக்குவாதம் வரும்போது உங்களுக்குத் துணை நிற்பவை இவைதாம்.

வேலையை விடும் முன்

முதல் விசாரிப்பிலிருந்து பணி ஆணை கைக்கு வர இரண்டு மாதம் ஆகும். முதல் மாத வேலை முடிந்த பிறகுதான் பில் போடுவீர்கள். அது வங்கிக்கு வர இன்னும் முப்பது நாற்பத்தைந்து நாள். கூட்டினால் நாலரை மாதம். அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இல்லாமல் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். பணநெருக்கடியில் இருப்பவர் முதலில் வரும் மோசமான வேலையை, மோசமான கட்டணத்துக்கு, எழுத்தில்லாமல் ஒப்புக்கொள்வார். அதிலிருந்து மீள ஓராண்டு போய்விடும்.

பழைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். அதன் வாடிக்கையாளர்களை இத்தனை காலம் அணுகக் கூடாது என்ற வரி இருக்கலாம்.

கட்டணத்தை நாள் கணக்கில் போடுங்கள்

கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று கேட்பதுதான் வழக்கம். அதில் இரண்டு கோளாறுகள் உண்டு. செலவைக் குறைத்துக் கொடுத்தால் உங்கள் கட்டணமும் குறையும். செலவு கூடினால் உங்களால்தான் கூடியதோ என்று முதலாளிக்குச் சந்தேகம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், பத்து மாத வேலை பதினாறு மாதம் இழுத்தாலும் சதவீதம் மாறாது. ஆறு மாதம் சொந்தச் செலவில் சைட்டுக்குப் போய்வருவீர்கள்.

கணக்கை இப்படிப் போடலாம். குடும்பத்துக்கும் சேமிப்புக்கும் மாதம் 1,20,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கும் எரிபொருளுக்கும் 15,000. கணினி, போன், மென்பொருள் 5,000. ஆடிட்டருக்கும் காப்பீட்டுக்கும் 5,000. வேலை இல்லாத மாதங்களுக்கான ஒதுக்கீடு 20,000. மொத்தம் 1,65,000. மாதத்தில் 25 நாள் உழைத்தாலும் காசாகும் நாள் 15-தான். மீதி பத்து நாள் புது வேலை தேடுவதிலும், பில் வசூலிப்பதிலும், அலைவதிலும் போய்விடும். 1,65,000-ஐ 15-ஆல் வகுத்தால் நாளுக்கு 11,000.

இனி ஐந்து கோடி ரூபாய் ஷெட், பத்து மாதம். மாதம் நான்கு நாள் சைட், இரண்டு நாள் மேசை வேலை என்றால் 66,000. முதலாளி முழுநேர சைட் இன்ஜினியர் ஒருவரும் வேண்டும் என்றால், அவருக்குச் சம்பளம் 35,000 கொடுத்து, விடுப்பு, பயணம், பொறுப்பு எல்லாம் சேர்த்து 1.4 மடங்காக 49,000 போடுங்கள். மாதம் 1,15,000. பத்து மாதத்துக்கு 11.5 லட்சம், அதாவது கட்டடச் செலவில் 2.3 சதவீதம். கடைசியில் வரும் இந்தச் சதவீதத்தை முதலாளி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது மாதக் கட்டணம்தான்.

பேரம் பேசினால் நாள்களைக் குறையுங்கள், நாள் விலையைக் குறைக்காதீர்கள். சைட் வருகை நான்கு என்பது மூன்றாகலாம். அதே நான்கு வருகை குறைந்த காசுக்கு என்றால் உங்கள் முதல் விலை பொய் என்று ஆகிவிடும்.

பணி எல்லைக் கடிதம்

நான்கு பக்கம் போதும். ஆனால் வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். செய்வதை விடச் செய்யாததைத் தெளிவாக எழுதுங்கள். ஸ்ட்ரக்சுரல் வடிவமைப்பு உங்களுடையதல்ல. சைட்டில் உள்ள பொருள்களின் காவல் உங்களுடையதல்ல. தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் காண்ட்ராக்டர் கடமை. குறையைக் கண்டால் எழுத்தில் சொல்வதும், உயிராபத்து என்றால் வேலையை நிறுத்தச் சொல்வதும் உங்கள் கடமை. அரசு அலுவலகங்களில் ஒப்புதல் வாங்கித் தருவதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எந்த ஒப்புதல் எப்போது வேண்டும், எந்தக் காகிதம் குறைகிறது என்று பட்டியல் வைத்துத் துரத்துவது வரைதான் உங்கள் வேலை. அந்த எல்லையைத் தாண்டினால் நாளைக்கு "அங்கே கொடுக்க" என்று உங்கள் கையில் பணம் திணிக்கப்படும்.

கட்டாயம் இருக்க வேண்டிய வரிகள் வேறு சில. குறித்த மாதங்களுக்கு மேல் வேலை நீண்டால், காரணம் யாராயிருந்தாலும், மாதக் கட்டணம் தொடரும். முடிவு கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு முதலாளி ஐந்து வேலை நாளில் பதில் தரவேண்டும், இல்லையேல் அட்டவணை அத்தனை நாள் தள்ளும். ஒரு மாதக் கட்டணம் முன்பணம், அது கடைசி மாதத்தில் கழியும். பில் கொடுத்த 15 நாளில் பணம். எந்தத் தரப்பும் 30 நாள் அறிவிப்பில் விலகலாம். உங்கள் பொறுப்பின் உச்சவரம்பு நீங்கள் பெற்ற கட்டணத் தொகை.

இன்னொரு வரியைத் தனியாக, தடித்த எழுத்தில் எழுதுங்கள்: எந்தக் காண்ட்ராக்டரிடமும், எந்தக் கடையிலும் கமிஷன் வாங்குவதில்லை. சிமென்ட், கம்பி, டைல்ஸ், பெயின்ட் என்று நாலு பக்கமும் இருந்து கவர் நீளும். ஒருமுறை வாங்கினால் அந்தப் பொருளின் தரத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்க முடியாது, ஊர் முழுக்கத் தெரியவும் நாளாகாது. முதலாளியின் பணத்தைக் கையாளவே கூடாது. கூலிக்கு ரொக்கம் கொடுத்து விநியோகிக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வரியும் பதிவும்

தொடக்கத்தில் தனிநபர் உரிமையே போதும், கம்பெனி வேண்டாம். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இதை முதல் பில்லுக்கு முன்பே செய்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குரிய சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி. வாடிக்கையாளரின் ஆடிட்டருக்கும் இதில் அக்கறை உண்டு, ஏனென்றால் காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வரியே வேலையை முடித்துவிடும்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், விகிதம் 18 சதவீதம். அதற்குக் கீழே இருக்கும்போது பெருமைக்காகப் பதிவு செய்ய வேண்டாம். மற்ற சேவைகளில் வாடிக்கையாளர் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆனால் தன் சொந்தக் கட்டடத்துக்காக வாங்கும் சேவைக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரி வரவைத் தடுக்கிறது. ஆக, அந்த 18 சதவீதம் முதலாளிக்கு முழுச் செலவு. விலை சொல்லும்போது இதையும் சேர்த்தே அவர் கணக்குப் போடுவார்.

வருமான வரியில், பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்று அறியப்பட்ட அனுமானக் கணக்கு முறை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிடிஎஸ் (வாடிக்கையாளர் உங்கள் பில்லில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வாடிக்கையாளர்

விளம்பரத்தால் இந்த வேலை வராது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள், ஆர்க்கிடெக்டுகள், ஆடிட்டர்கள், வங்கிக் கடன் பிரிவில் இருப்பவர்கள்தாம் "ஒருத்தர் இருக்கிறார்" என்று சொல்வார்கள். கோவையில் கொடிசியா, ஓசூரில் ஹோஸ்டியா, அம்பத்தூரில் ஐமா போன்ற தொழில் சங்கங்களின் கூட்டங்களுக்குப் போய், விரிவாக்கம் யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். காண்ட்ராக்டர் சிபாரிசு செய்து வரும் வேலையை மட்டும் யோசித்து எடுங்கள். அவர் பில்லைத்தான் நீங்கள் வெட்டப்போகிறீர்கள்.

தெரியாத ஆளிடம் பத்து மாதத்தை ஒப்படைக்க முதலாளி தயங்குவார். அதற்குப் பத்து நாள் ஆய்வு ஒன்றை விலைக்கு வையுங்கள். வரைபடம், எஸ்டிமேட், காண்ட்ராக்டர் கொட்டேஷன், ஒப்புதல்கள் எல்லாவற்றையும் படித்துப் பன்னிரண்டு பக்க அறிக்கை. விட்டுப்போன ஐட்டங்கள், ஒன்றோடொன்று முரண்படும் வரைபடங்கள், பட்ஜெட்டில் இல்லாத செலவுகள். மின் இணைப்புக்கான டெபாசிட், டிரான்ஸ்பார்மர், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்கான 1 சதவீதம், தீயணைப்புத் தொட்டி ஆகியவை எஸ்டிமேட்டில் அடிக்கடி விட்டுப்போகின்றன. இலவசமாகச் செய்யாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய அறிக்கையைத்தான் முதலாளி படிப்பார்.

முதல் பதினைந்து நாள்

வரைபடப் பட்டியலில் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் எண், ரிவிஷன், தேதி. சைட்டில் மாட்டியிருப்பது பழைய ரிவிஷனாக இருந்தால் அன்றே கழற்றுங்கள்.

அடுத்து அளவுப்பட்டியல். நூறு ஐட்டத்தையும் சரிபார்க்க நேரமிராது. கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங், கட்டுவேலை, தளம் ஆகிய ஐந்தையும் வரைபடத்திலிருந்து நீங்களே மறுபடி எடுங்கள். பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கம்பி எடைக்கு விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162-ஆல் வகுக்கும் பழைய சூத்திரமே போதும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ.

பிறகு அட்டவணை. அறுபது எண்பது வரிக்கு மேல் வேண்டாம். ஐந்நூறு வரி அட்டவணையை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள், இரண்டாவது மாதத்தில் அது சுவரில் ஒட்டிய படம் ஆகிவிடும். எக்செல் போதும். இலவசமாக வேண்டுமென்றால் புராஜெக்ட்லிப்ரே இருக்கிறது. ஆனால் நாள்காட்டி உண்மையாக இருக்கட்டும். ஆடியில் பூமி பூஜை போட மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண்வேலை அதற்கு முன் முடிந்து அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆள்கள் திரும்பப் பத்து நாள். பீகார்த் தொழிலாளர்கள் தீபாவளியை ஒட்டிய சட் பண்டிகைக்குப் போவார்கள், அவர்கள் ஊரில் தேர்தல் என்றாலும் போவார்கள். இவை இல்லாத அட்டவணை கையெழுத்தாகும் நாளிலேயே பொய்.

தொழிற்சாலை என்றால் ஒப்புதல்களைத் தனித் தாளில் வரிசைப்படுத்துங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை, நகர் ஊரமைப்பு அல்லது உள்ளாட்சி அனுமதி, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதல், தீயணைப்புத் துறைச் சான்று, உயரழுத்த மின் இணைப்பு, மின் ஆய்வாளர் சான்று. கட்டடம் முடிந்தும் கரண்ட் வராமல் இயந்திரங்கள் உறைக்குள் கிடப்பது பல இடங்களில் நடக்கிறது. மின் இணைப்பு விண்ணப்பத்தை அஸ்திவாரக் கட்டத்திலேயே துரத்தத் தொடங்குங்கள்.

பிஇபி ஷெட்டில் (ஆலையில் செய்து வந்து சைட்டில் பூட்டும் எஃகு ஷெட்) ஒரு நிறுத்தப்புள்ளி வையுங்கள். எஃகுத் தூணை அடியில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுக்கான ஷெட் சப்ளையரின் வரைபடம் இறுதி முத்திரையோடு வரும்வரை, தூண் உட்காரும் பெடஸ்டலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது. "ஏறக்குறைய இதுதான்" என்று சொல்லி அனுப்பிய வரைபடத்தை நம்பிப் போட்டுவிட்டு, பிறகு இருபது மி.மீ. தள்ளியிருந்தால் பெடஸ்டலை உடைத்துப் போல்ட்டை மாற்ற வேண்டிவரும். டெம்பிளேட் தகடு வைத்து, கான்கிரீட்டுக்கு முன்னும் பின்னும் டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவியில் அளந்து கையெழுத்து வாங்குங்கள்.

வாரச் சக்கரம்

வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், முக்கால் மணிக்கூட்டம். நடவடிக்கைக் குறிப்பு ஒரு பக்கம்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் கழித்து அனுப்பினால் ஒவ்வொருவரும் வேறொரு கூட்டத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

முன்னேற்றத்தைச் சதவீதத்தில் கேட்காதீர்கள், அளவில் கேளுங்கள். 1,800 சதுர மீட்டர் கட்டுவேலை, 30 நாள் திட்டம் என்றால் நாளுக்கு 60. முதல் மூன்று நாள் சராசரி 38 வந்தால் இந்த வேகத்தில் 47 நாளுக்கு மேல் ஆகும். நான்காம் நாளே இன்னொரு கொத்தனார் ஜோடியைக் கேட்கலாம். "எழுபது சதவீதம் முடிந்தது சார்" என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த உண்மை இருபத்தைந்தாம் நாளில்தான் தெரியும்.

கான்கிரீட் நாள்களில் கியூப் (வலிமைச் சோதனைக்கு எடுக்கும் கான்கிரீட் கனசதுரம்) எண்ணிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஐஎஸ் 456 படி 5 கனமீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் இன்னொன்று. மாதிரிக்கு மூன்று கியூப், 28 நாளில் சோதனை. ஏழு நாள் சோதனை முன்னறிவிப்புக்கு மட்டும், அதற்குத் தனிக் கியூப் எடுக்க வேண்டும்.

கூடுதல் வேலைதான் உறவைக் கெடுக்கும் இடம். முதலாளி மாலையில் நடந்து வருவார், "அந்தச் சுவரைத் தள்ளிவிடுங்கள்" என்பார், காண்ட்ராக்டர் தலையாட்டுவார். மூன்று மாதம் கழித்து பில் வரும்போது இருவரும் உங்களைப் பார்ப்பார்கள். ஒரு பக்கப் படிவம் வைத்திருங்கள்: என்ன மாற்றம், ஏன், ரேட் என்ன, எத்தனை நாள் கூடும். கையெழுத்தான பிறகுதான் வேலை. வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவை அன்று இரவே மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள்.

ரன்னிங் பில்

வேலை நடக்க நடக்கக் காண்ட்ராக்டர் போடும் பில்தான் ரன்னிங் பில். உங்கள் கட்டணத்தை முதலாளி நியாயம் என்று உணர்வது இங்கேதான். அளவைக் காண்ட்ராக்டரோடு சேர்ந்து எடுத்து, அளவுப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். தூணும் பீமும் சேருமிடத்தில் கான்கிரீட் இருமுறை எண்ணப்படுவது மிகச் சாதாரணம். பூச்சில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவில்லை. 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், அதற்கு மேல் இரு பக்கமும். இவை ஐஎஸ் 1200-இல் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு முறை எழுதியிருந்தால் அதுவே செல்லும்.

காண்ட்ராக்டருக்கு முன்பணம் 10 சதவீதம் என்றால் வங்கி உத்தரவாதத்துக்கு எதிராகத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பில்லிலும் அதன் பங்கு கழிகிறதா என்று பாருங்கள். ரிடென்ஷன் (பில்லில் பிடித்து வைக்கும் தொகை) 5 சதவீதம் வழக்கம், பாதியைத் திருப்பித் தருவது ஒப்படைப்பில், மீதியைப் பன்னிரண்டு மாதக் குறைதீர் காலம் முடிந்து. பில்லைச் சரிபார்க்க ஏழு நாளுக்கு மேல் எடுக்காதீர்கள். காண்ட்ராக்டரின் பணத்தை நீங்கள் தாமதித்தால் அடுத்த வாரம் சைட்டில் ஆள் குறையும், அதற்கு நீங்களே காரணமாவீர்கள். உங்கள் சான்றில் "கொடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது" என்றே எழுதுங்கள், "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். அங்கீகாரம் முதலாளியுடையது.

முதல் ஆண்டில் இரண்டு வேலை

மூன்றாவது வந்தால் மகிழ்ச்சியில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். இரண்டு சைட்டிலும் ஒரே நாளில் தளக் கான்கிரீட் வரும், மூன்றாவதில் கூட்டம் இருக்கும், எங்கோ ஒன்றில் தவறு நடக்கும். வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலைகளை எடுங்கள். அவசரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய் நிற்க முடியாத ஆலோசகரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

வேலை முடியும் மாதத்தில் குறைப்பட்டியல், கட்டியபடியான வரைபடங்கள், கியூப் முடிவுகள், கூரைக்கும் நீர்த்தடுப்புக்குமான உத்தரவாதங்கள், பம்பு, பேனல் கையேடுகள் எல்லாம் ஒரு கோப்பாகப் போகட்டும். அதோடு முதலாளியின் லெட்டர்ஹெட்டில் ஒரு நிறைவுச் சான்று கேட்டு வாங்குங்கள். கட்டடப் பரப்பு, மதிப்பு, தொடங்கிய, முடிந்த தேதிகள், நீங்கள் செய்த பணி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கையெழுத்திட வேண்டியவர் வெளிநாட்டில் இருப்பார். ஒப்படைப்பு நடக்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.